தாளம் சரியா இருந்துச்சா?

மூன்றாவது பாட்டுக்கும் நான்காவது பாட்டுக்கும் நடுவில் அந்த இசைத்தட்டில் நான்கு விநாடி மௌனம் உண்டு. அந்த மௌனத்தில் யாரோ ஒருமுறை தட்டினார்கள்.

டொக்.

உறையைத் துடைத்துக்கொண்டிருந்த அவன் கை அப்படியே நின்றது.

இருபத்தாறு வருடமாக அவனிடம் இருக்கும் தட்டு அது. இரண்டாம் பாட்டின் நடுவே பாடகர் மூச்சை இழுக்கும் இடம், மூன்றாம் பாட்டில் கிட்டார்காரரின் நாற்காலி கிறீச்சிடும் இடம், ஓரத்துக் கீறல் ஒன்று ஏழு சுற்று டிக் டிக்கென்று கூடவே வந்து எட்டாம் சுற்றில் விடைபெறும் இடம் எல்லாம் அவனுக்குத் தன் பற்களைப் போலப் பழக்கம். அந்த நான்கு விநாடியில் எதுவும் கிடையாது. தூரத்தில் சருகு எரிவதுபோல லேசான ஒரு பொரிச்சல், அவ்வளவுதான்.

ஊசியைத் தூக்கி மூன்றாம் பாட்டின் கடைசி அடியில் வைத்தான். பாட்டு தேய்ந்து அடங்கியது. பொரிச்சல். நான்கு விநாடி. அடுத்த பாட்டு.

ஒன்றுமில்லை.

சிரித்துக்கொண்டான். அவன் செவித்திறன் சோதனை நிலையம் வைத்திருப்பவன். நண்பர்கள் அவனை 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரார் காதையெல்லாம் சோதிக்கிறவனுக்கே காதில் கோளாறு என்றால் பிழைப்பு என்னாவது? எதற்கும் இருக்கட்டுமென்று இன்னொரு முறை வைத்துப் பார்த்தான்.

டொக்.

இந்த முறை அது ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. அவனுக்கு நேர் எதிரே, சுவரோரம் கிடந்த காலி நாற்காலியிலிருந்து வந்தது.

அது டமாரத்தின் நாற்காலி.

டமாரம் செத்து இருபத்துநான்கு நாள் ஆகியிருந்தது.

*

மாடியில் அந்த ஓர் அறைக்காகவே அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று வாத்தியார் கிண்டல் செய்வார். மூன்று சுவரிலும் தரையிலிருந்து கூரைவரை இசைத்தட்டுகள். பழைய அட்டையின் புளிப்பு வாசனையும், சூடேறிய ஆம்ப்ளிஃபயரில் தூசி வேகும் வாசனையும், தட்டு துடைக்கும் ஸ்பிரிட்டின் நெடியும் கலந்து, கதவைத் திறந்தால் ஆள் வந்து கட்டிப்பிடிப்பதுபோல முகத்தில் வந்து அப்பும். நடுவில் நான்கு மர நாற்காலிகள். பத்தொன்பது வருடமாக ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அந்த நான்கிலும் நான்கு பேர்: கணக்கு வாத்தியார், பேக்கரி வைத்திருப்பதால் பேக்கரி, கல்யாண மண்டபங்களிலும் ஹோட்டல்களிலும் டிரம்ஸ் வாசித்த டமாரம், அப்புறம் அவன். வாரத்துக்கு ஒருவர் ஒரு தட்டு கொண்டுவர வேண்டும். அந்த வாரம் அதுதான் சாமி.

சட்டம் இரண்டே இரண்டு. முதலாவது, ஊசி தட்டில் இறங்கினால் அந்தப் பக்கம் முடிந்து ஊசி எழும்வரை எல்லாரும் கண்ணை மூடியிருக்க வேண்டும். யாரும் வாயைத் திறக்கக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது. இரண்டாவது, தட்டைக் கொண்டுவந்தவர்தான் ஊசியை வைக்க வேண்டும், அவர்தான் எடுக்க வேண்டும். பேக்கரி ஒருமுறை வெண்ணெய்க் கையோடு வாத்தியாரின் தட்டை எடுக்கப்போய், வாத்தியார் ஆறு மாதம் அவனோடு பேசாமல் இருந்ததால் வந்த சட்டம் அது.

டமாரத்துக்கு மட்டும் ஒரு சலுகை. வலது கையில் பட்டையான வெள்ளி மோதிரம் ஒன்று போட்டிருப்பான். நாற்காலிக் கையில் அதைத் தட்டித் தாளம் போடாமல் அவனால் பாட்டுக் கேட்க முடியாது. யாரும் தடுத்ததில்லை. "தட்டுல வாசிக்கிறவரே நம்ம டமாரத்தைக் கேட்டுத்தான்டா வாசிக்கிறாரு" என்பார் வாத்தியார். நாற்காலியின் வலக் கையில் பத்தொன்பது வருடத் தாளமும் நகக்குறி போலச் சின்னச் சின்னப் பிறைகளாகப் பதிந்திருந்தது.

தட்டல் கேட்ட அந்த மாலை அவன் குனிந்து அந்தப் பிறைகளைப் பார்த்தான். கருத்து, அழுக்கேறி, பழசாக இருந்தன.

ஒன்று மட்டும் வெளுப்பாக, புதுசாக இருந்தது. விரலால் தொட்டான். மரத்தூள் ஒட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் போன் அடித்தது.

"தம்பி, அண்ணி பேசறேன்."

டமாரத்தின் மனைவி. வெளுத்த சேலையைப் போல இருந்தது குரல், நிறமே இல்லாமல்.

"சொல்லுங்க அண்ணி. சாப்பிட்டீங்களா?"

"அதெல்லாம் நடக்குது. தம்பி, வர்ற ஞாயித்துக்கிழமை நானும் வந்து உக்காரலாமா? அவர் நாற்காலியில? பத்தொன்பது வருஷமா உங்க அறைதான் எனக்குச் சக்களத்தின்னு திட்டிக்கிட்டே இருந்தேன். ஒரு நாளாவது உள்ள வந்து பார்க்கறேனே."

"என்ன அண்ணி கேக்கறீங்க, தாராளமா வாங்க."

"அவர் போன அன்னைக்குப் போட்டதையே போடுங்க. அப்புறம் தம்பி, நீங்க வாராவாரம் கேசட்டுல பதிவு பண்ணுவீங்களாமே? பாட்டு, பேச்சு, சண்டை எல்லாத்தையும். அன்னைக்குப் பண்ண கேசட்டு வேணும். அவர் குரலு கடைசியா அதுலதானே இருக்கும்."

அவன் பார்வை மேசையின் கீழ் இழுப்பறைக்குப் போனது.

"அன்னைக்கு... அன்னைக்குப் பார்த்து ரெக்கார்டரைப் போட மறந்துட்டேன் அண்ணி."

"ஓ."

மறுமுனையில் யாரோ பாத்திரம் உருட்டினார்கள்.

"போகட்டும். வாத்தியார் சொன்னார், கடைசி நிமிஷம்வரைக்கும் தாளம் போட்டுக்கிட்டேதான் போனாராம். கண்ணை மூடிக்கிட்டிருந்தாலும் சத்தம் கேட்டுச்சாம். உங்களுக்கும் கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சு."

"தாளம் சரியா இருந்துச்சா தம்பி?"

எதிரே இருந்த நாற்காலியை அவன் பார்த்தான்.

"சரியா இருந்துச்சு அண்ணி" என்றான்.

*

தாளம் சரியாக இல்லை.

அன்றைய தட்டை அவன் பதினோரு வருடம் தேடியிருந்தான். ஏதோ ஒரு துறைமுக ஹோட்டலில் விருந்தாளிகளுக்கு வாசித்த ஐந்து பேர் வாழ்நாளில் ஒரே ஒரு தட்டுப் போட்டார்கள். மொத்தம் முந்நூறு பிரதி. இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு பதினோரு நிமிடம் ஓடும். அதில் நான்கு நிமிடம் டிரம்ஸ் மட்டும் தனியாக வரும் என்று டமாரம் இருபது வயதில் கேள்விப்பட்டிருந்தான். "அதைக் கேட்காம சாக மாட்டேன்டா" என்று சொல்லிக்கொண்டே திரிந்தான். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினான்.

பாட்டு தொடங்கி முக்கால் நிமிடம் இருக்கும். மோதிரம் ஒரு தட்டு தாமதமாக விழுந்தது. அரை விநாடிகூட இல்லை. ஆனால் டமாரத்தின் கை அப்படித் தாமதித்து அவன் கேட்டதே இல்லை. அடுத்தது அவசரமாக விழுந்தது. அப்புறம் இடைவெளி. அப்புறம் மூன்று, ஒன்றின்மேல் ஒன்று இடறி விழுகிற மாதிரி. அரிய தட்டு கெட்டுப்போகிறதே, பதிவாகிற கேசட்டும் கெட்டுப்போகிறதே என்று அவனுக்கு எரிச்சல்தான் வந்தது. எரிச்சலில் கண்ணைத் திறந்தான்.

திறந்தான் என்பதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. பக்கம் முடிந்தபின் எல்லோரையும்போலத் தானும் அப்போதுதான் பார்த்ததாகச் சொன்னான். ஆஸ்பத்திரியில் டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "பத்து நிமிஷம் முன்னாடி கொண்டுவந்திருந்தா..." என்று சொல்லி மீதியை விழுங்கிவிட்டார். மீதியை அவன் இருபத்துநான்கு நாளாக மென்றுகொண்டிருந்தான்.

மறக்கவில்லை, அன்று ரெக்கார்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கேசட் மேசையின் கீழ் இழுப்பறையில், பழைய மின்சார ரசீதுகளுக்கு அடியில் கிடந்தது. இரண்டாம் நாளே ஒருமுறை போட்டுக் கேட்டிருந்தான். இடறிய முதல் தட்டிலிருந்து கடைசித் தட்டுவரை நாற்பத்தொன்று.

வெள்ளிக்கிழமை காலை சோதனை நிலையத்துக்குக் கிளம்புமுன் கேசட்டை எடுத்து ரெக்கார்டரில் போட்டான். மைக் துளையில் வெறும் பிளக் ஒன்றைச் செருகினான். அப்படிச் செய்தால் அறைச் சத்தம் எதுவும் ஏறாது, பழையது மட்டும் அழியும். பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டுப் பல் தேய்த்தான், சட்டை இஸ்திரி போட்டான், தோசைக்கல்லைக்கூடத் தேடாமல் ரொட்டியைத் தின்றான். நாற்பத்தைந்து நிமிடம் கழித்து நாடா நின்றது. பின்னுக்கு ஓட்டி, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான்.

சீறல். மழைக்கு முந்தின காற்று மாதிரி ஒரே சீரான சீறல். வாத்தியாரின் சிரிப்பு இல்லை. பேக்கரியின் இருமல் இல்லை. டமாரம், "காது, சத்தத்தைக் கொஞ்சம் ஏத்துடா, உன்கிட்டதான் இலவசமா மிஷின் மாட்டிக்கப் போறேன்" என்று சொன்னது இல்லை. மூச்சை விட்டான்.

டொக்.

நிமிர்ந்து உட்கார்ந்தான்.

டொக்... டொக். டொக்டொக்டொக்.

எண்ண வேண்டாம் என்று நினைத்தபடியே எண்ணினான். முப்பத்தொன்பது. நாற்பது. நாற்பத்தொன்று.

பாட்டும் பேச்சும் மட்டும்தான் அழிந்திருந்தன. இத்தனை நாள் அந்தத் தட்டல்களைப் போர்த்தி வைத்திருந்தது பாட்டுதான். இப்போது அவை போர்வை இல்லாமல், எலும்புபோல, ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன.

*

சோதனை நிலையத்தின் பின்னறையில் ஒரு கண்ணாடி ஜன்னல் வைத்த ஒலிபுகா அறை இருக்கிறது. பஞ்சு வைத்துத் தைத்த சுவர், அரை அடி கனத்தில் கதவு. உள்ளே ஒரு நாற்காலி, ஹெட்ஃபோன், ஒரு பொத்தான். அவன் வெளியில் உட்கார்ந்து மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவான். உள்ளே இருப்பவருக்குக் கேட்டால் பொத்தானை அழுத்துவார், அவனுடைய மேசையில் பச்சை விளக்கு எரியும். எளிய வேலை. கேட்டதா, கேட்கவில்லையா, அவ்வளவுதான். பொய் சொன்னால் வரைபடம் காட்டிக் கொடுத்துவிடும்.

அன்று பதினோரு மணிக்கு வந்தவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். "முப்பத்திரண்டு வருஷம் ஹாரன் அடிச்சேன் டாக்டர். இப்ப ஊரே எனக்குத் திருப்பி அடிக்குது, எனக்குத்தான் கேக்க மாட்டேங்குது" என்றார். உள்ளே போகுமுன் குனிந்து ரகசியமாக, "என் சம்சாரம் பேசறது மட்டும் கேக்கவே கேக்காதுன்னு எழுதிக் குடுத்துருங்க, புண்ணியமாப் போகும்."

கதவை மூடினான். வெளியில் வந்து உட்கார்ந்து, வலக் காதுக்கான குமிழைத் திருப்பினான். இன்னும் எதையும் அனுப்பவில்லை.

பச்சை விளக்கு எரிந்தது.

ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி, இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று சைகை காட்டினான். பெரியவர் தலையாட்டினார். விளக்கு மறுபடி எரிந்தது. அணைந்தது. இடைவெளி. மறுபடி எரிந்து, தாமதித்து, மூன்று முறை ஒன்றின்மேல் ஒன்றாக...

அவன் கை குமிழில் இல்லை. மடியில் இருந்தது. மடியில் இருந்ததை அவன் பார்த்தான்.

நாற்பத்தொரு முறை அந்த விளக்கு எரிந்தது.

கதவைத் திறந்தபோது பெரியவர் ஹெட்ஃபோனைக் கழற்றிக்கொண்டே எரிச்சலோடு வெளியே வந்தார்.

"என்ன டாக்டர், அவ்வளவு நேரமா அந்த ஆளு தட்டிக்கிட்டிருக்காரு."

"எந்த ஆளு?"

"எனக்கென்ன தெரியும்? மோதிரத்தால கட்டையில தட்டற சத்தம். உங்களுக்கும் கேட்டிருக்கும்ல? வெளிய நீங்கதானே உக்காந்திருந்தீங்க." பெரியவர் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். "ஏன் எந்திரிச்சுப் போகல?"

அவரை அனுப்பிவிட்டு வாசல் கதவைத் தாழிட்டான். தானே உள்ளே போய், அரை அடிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தான். கருவியில் கோளாறு என்றால் அதைக் கண்டுபிடிக்க வேண்டியது அவன்தானே. ஹெட்ஃபோனின் ஒயரைப் பிடுங்கிவிட்டுக் காதில் மாட்டினான்.

அந்த அறையில் சத்தம் என்று ஒன்று கிடையாது. முதலில் காதுக்குள் மெல்லிய ரீங்காரம். அப்புறம் கழுத்து நரம்பில் ரத்தம் ஏறி இறங்கும் ஓசை. எச்சில் விழுங்கினால் கிணற்றில் கல் போட்டதுபோலக் கேட்கும். சட்டைக் காலர் உரசினால் சாக்கை இழுத்துப் போவதுபோல. எத்தனையோ முறை மதிய வேளைகளில் இங்கே வந்து அவன் இளைப்பாறியிருக்கிறான்.

டொக்.

பஞ்சுச் சுவரில் அப்படிச் சத்தம் வராது. மரத்தில்தான் வரும். அங்கே மரமே இல்லை.

டொக். டொக்.

கண்ணை இறுக மூடினான். மூடினதும் எதிரே நாற்காலி வந்தது. நாற்காலியில் டமாரம் வந்தான்.

அன்று எரிச்சலில் கண்ணைத் திறந்தபோது டமாரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றியெல்லாம் வியர்வை. இடது கை நெஞ்சுச் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. வலது கையில் ஒரு விரல் மட்டும் வேலை செய்தது. அது தட்டியது. அவனைப் பார்த்துத் தட்டியது. பத்தொன்பது வருட சிநேகிதம். அந்த விரல் என்ன சொல்கிறது என்று புரியாமல் இருக்க அவன் என்ன செவிடா?

பார்வை பார்வையைச் சந்தித்தது.

வாயுத் தொந்தரவாக இருக்கும் என்று நினைத்தான். இன்னும் பத்து நிமிடம்தானே என்று நினைத்தான். பதினோரு வருடம் என்று நினைத்தான். நடுவில் ஊசியைத் தூக்கினால் தட்டு... என்று நினைத்தான். டிரம்ஸ் தனியாக வரும் இடம் இன்னும் வரவே இல்லை.

கண்ணை மூடிக்கொண்டான்.

டொக்.

மூடிக்கொண்டபின் டமாரம் எவ்வளவு நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான் என்று அவனுக்குத் தெரியாது. எத்தனை தட்டு என்று மட்டும் தெரியும்.

*

'அண்ணி, அன்னைக்கு நான் பார்த்தேன்.'

சொல்ல வேண்டியது நான்கே வார்த்தை. சனிக்கிழமை முழுக்க அதையே சொல்லிப் பார்த்தான். கண்ணாடி முன்னால், குளியலறையில், பஸ் நிறுத்தத்தில். சொல்லிவிட்டால் இந்தச் சத்தம் நின்றுவிடும். அண்ணி காறித் துப்பலாம், அறையலாம், வாத்தியாரும் பேக்கரியும் இனிமேல் இந்தப் படி ஏறாமலே போகலாம். போகட்டும். எந்தத் தட்டைப் போட்டாலும் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அந்த விரல் தட்டிக்கொண்டிருந்தது. பாட்டே இல்லாமல் இருந்தாலும், குழாயை மூடினபின் சொட்டும் தண்ணீர் அதே இடறலோடு சொட்டியது.

ஊசியை வைப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் என்று தள்ளினால் வாய் வராது. அவனைப் பற்றி அவனுக்கே தெரியும்.

ஞாயிறு நான்கு மணி. சன்னல் வழியாகச் சாய்வெயில் வந்து நாற்காலிகளின் காலில் விழுந்திருந்தது. பேக்கரி ஒரு டப்பா பிஸ்கட்டோடு முதலில் வந்தான். பின்னாலேயே வாத்தியார், அண்ணிக்குப் படியில் வழிவிட்டபடி.

"இதானா உங்க கோயிலு?" அண்ணி நிலைப்படியில் நின்று அலமாரிகளைச் சுற்றிப் பார்த்தாள். "இத்தனை தட்டையும் கழுவி அடுக்கறது யாரு?"

பேக்கரி சிரித்துவிட்டான். வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அண்ணி நேராக டமாரத்தின் நாற்காலிக்குப் போனாள். உட்காருமுன் அதன் வலக் கையைத் தடவினாள். விரல் ஓரிடத்தில் நின்றது. அங்கே புதுப் பிறைகள் இருந்தன. நேற்று இருந்ததைவிட அதிகம். இடுப்பிலிருந்து சின்னப் பையை எடுத்து அவிழ்த்தாள்.

"தம்பி, கையைக் குடுங்க."

வெள்ளி மோதிரம்.

"ஐயோ அண்ணி, இதெல்லாம் எதுக்கு?"

"எதிர்ல உக்காந்திருந்தது நீங்கதானே. அவர் கடைசியாப் பார்த்த முகம் உங்களுதுதான்." அவளே அவன் விரலில் மாட்டிவிட்டாள். குளிர்ச்சியாக இருந்தது. டமாரத்தின் விரல் தடியானது, மோதிரம் இவனுக்குத் தொளதொளவென்று இருக்க வேண்டும். சிக்கென்று பிடித்தது.

"அண்ணி" என்றான். "ஒண்ணு சொல்லணும்."

"டேய் காது, மொதல்ல ரெக்கார்டரைப் போடுடா. இன்னைக்கும் மறந்து தொலைக்காதே" என்று வாத்தியாரே எழுந்து புதுக் கேசட்டைச் செருகிப் பொத்தானை அழுத்தினார். சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

"இல்ல, மொதல்ல நான்..."

"பாட்டு மொதல்ல. பேச்சு அப்புறம்" என்றாள் அண்ணி. "அதானே உங்க சட்டம்? அவர் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். நடுவுல யாரும் எந்திரிக்கக்கூடாது. ஊசியை நீங்கதான் எடுக்கணும். சரிதானே?"

"சரி அண்ணி" என்று அவன் வாய் சொன்னது.

அன்றைய தட்டை உறையிலிருந்து எடுத்தான். மோதிரம் பிளேயரின் விளிம்பில் இடித்தது. இரண்டாம் பக்கத்தில் ஊசியை இறக்கினான். தன் நாற்காலிக்கு வந்தான். மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவனும்.

பக்கம் முடிந்ததும் சொல்வேன். சத்தியமாக.

முதல் பாட்டு போயிற்று. நடுவிலுள்ள மௌனத்தில் பொரிச்சல் மட்டும். தட்டல் இல்லை. இரண்டாவது போயிற்று. தட்டல் இல்லை. நான்கு நாளாக இல்லாத அமைதி. அவன் தோள்கள் தளர்ந்தன. ஒருவேளை சொல்லவே வேண்டாமோ என்றுகூட ஓர் எண்ணம் எட்டிப் பார்த்தது. அண்ணி மோதிரத்தையே கொடுத்துவிட்டாள். டமாரம் சமாதானமாகிவிட்டானோ என்னவோ. இவ்வளவு நாள் கழித்துச் சொல்லி யாருக்கு என்ன லாபம்?

கடைசிப் பாட்டு தொடங்கியது. ட்ரம்பெட். அடியில் பிரஷ்ஷால் உரசும் டிரம்ஸ்.

முக்கால் நிமிடம்.

டொக்.

மிக அருகில். கண்ணைத் திறந்தான். அவனுடைய நாற்காலியின் வலக் கையில், வழவழவென்று இருந்த மரத்தில், ஒரு சின்ன வெள்ளைப் பிறை.

அவன் விரல் மறுபடி உயர்ந்தது. அவன் உயர்த்தவில்லை.

டொக்... டொக்.

நெஞ்சுக்குள் யாரோ ஈரத்துணியைப் பிழிந்தார்கள். இடக் கை தானாகப் போய்ச் சட்டையைப் பிடித்தது. வாத்தியாரே என்று கூப்பிட வாயைத் திறந்தான். திறந்தது. சத்தம் வரவில்லை. எழுந்திருக்க நினைத்தான். கால் என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. அந்த ஒரு விரல். அது மட்டும்.

டொக். டொக்டொக்டொக்.

மோதிரச் சத்தம் கேட்டதும் வாத்தியாரின் மூடிய இமைகளுக்குக் கீழே கண்ணீர் வழிந்தது. உதட்டில் சிரிப்பு. பேக்கரியும் சிரித்தான். தலையை மெல்ல ஆட்டினான். வந்துட்டான்டா நம்ம டமாரம். இரண்டு முகமும் அதைத்தான் சொல்லின.

அண்ணியின் இமைகள் திறந்தன.

அவள் அவனையே பார்த்தாள். அவன் நெற்றியைப் பார்த்தாள். சட்டையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். திறந்த வாயைப் பார்த்தாள். கடைசியாக விரலை.

அவன் அந்த ஒற்றை விரலில் எல்லாவற்றையும் சொன்னான். அண்ணி. அன்னைக்கு. நான். பார்த்தேன்.

அவள் முகத்தில் கோபம் இல்லை. அழுகை இல்லை. நல்ல பாட்டுக்கு நடுவில் யாரோ இடறியதால் வருகிற ஒரு சின்ன எரிச்சல். அந்த முகத்தை அவனுக்குத் தெரியும். உள்ளே இருந்து தெரியும்.

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள்.

டிரம்ஸ் தனியாக வரும் நான்கு நிமிடம் வந்தது. போயிற்று. முப்பத்தொன்பது. நாற்பது. விரல் உயர்ந்தது. கீழே இறங்கவே வெகுநேரம் ஆயிற்று.

நாற்பத்தொன்று.

பாட்டு முடிந்தது. ஊசி உள்ளே நகர்ந்து, லேபிளை ஒட்டின கடைசி வளையத்தில் போய் விழுந்து, அங்கேயே சுற்றத் தொடங்கியது. சுற்றுக்கு ஒரு டப். டப். டப். தட்டைக் கொண்டுவந்தவன்தான் ஊசியை எடுக்க வேண்டும். மூன்று பேரும் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். வெயில் நாற்காலிக் காலைவிட்டு நகர்ந்து, தரையைக் கடந்து, சுவரில் ஏறி அணைந்தது. யாரும் பேசவில்லை. யாரும் எழுந்திருக்கவில்லை. ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவன் விரல் அசையாமல் கிடந்தது.

டொக்.

டப், டொக். டப், டொக். மூடிய கண்களோடு மூன்று தலைகளும் அதற்கேற்ப ஆடின. ஒரு தட்டுகூட முந்தவில்லை, பிந்தவில்லை.

தாளம் இப்போது சரியாக இருந்தது.